யோசிச்சு சொல்றேன்

ரேடியோ என்பது அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். காலையில் கண் திறந்தால் வாயும் திறந்துவிடும், ராத்திரி தூங்கினால்தான் அடங்கும். இப்படி ஒரு பிறவிக்கு விற்பனை வேலையை விட்டால் வேறு எந்த வேலை கிடைக்கும், சொல்லுங்கள்? இருபத்தைந்து வயதில், தண்ணீர் சுத்தம் செய்யும் கருவி விற்கிற கம்பெனியில் சேர்ந்தான். வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். மணியை அழுத்திவிட்டுக் காத்திருப்பான். கதவு ஒரு சாண் திறப்பதற்குள் பேச்சில் பாதியை முடித்திருப்பான். நாற்பத்தேழு வயது வரைக்கும் அதே கம்பெனி, அதே கருவி, அதே பேச்சு.

அந்தக் கம்பெனியில் வெளியாட்களுக்குப் புரியாத ஒரு சொல் உண்டு. யோசொ. எந்த வீட்டிலும் யாரும் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்வதில்லை, நாகரிகம் தடுக்கும். "நல்லாத்தான் இருக்கு, யோசிச்சு சொல்றேன்" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். அப்படிச் சொன்னவர்களில் யோசித்தவரும் இல்லை, திரும்பச் சொன்னவரும் இல்லை. அதைத்தான் பையன்கள் யோசொ என்று சுருக்கி வைத்திருந்தார்கள். மாலைக் கூட்டத்தில் மேலாளர் நிலவரம் கேட்டால் ரேடியோ எழுந்து நின்று, "ஒம்பது வீடு சார். ஏழு யோசொ, ஒரு நாய், ஒரு சரி" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். புதிதாகச் சேர்கிறவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடமும் அதுதான். யோசொ என்றால் அந்த வாசலைத் தலைமுழுகிவிட்டு அடுத்த மாடிக்கு ஏறு. திரும்பப் போய் நிற்காதே, இருக்கிற மரியாதையும் போய்விடும்.

ரேடியோ எதையும் ஆபீசோடு விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை. அதனால் அந்தச் சொல் வீட்டுக்குள்ளும் வந்து குடியேறிவிட்டது. மகள் புது போன் கேட்டால் "யோசொ" என்பான். இவன் இன்னொரு டம்ளர் டீ கேட்டால் மனைவி அடுப்படியில் இருந்தே "யோசொ" என்று குரல் கொடுப்பாள். மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த சொல்லாக அது வீட்டில் வளைய வந்தது.

அவன் மனைவியும் விற்பனையில் இருக்கிறவள்தான். நான்கு மாடித் துணிக்கடை ஒன்றில் வேலை. ரேடியோ அவளை முதலில் பார்த்ததே அங்கேதான். ஒரு சட்டை வாங்கப் போனவன் மதியம் முழுக்கப் பேசிவிட்டுச் சட்டை வாங்காமல் வந்தான். மறுவாரமும் போனான். மூன்றாவது தடவை போனபோது பிரித்துப் போட்ட சட்டைகளை அவள் மடித்துக்கொண்டிருந்தாள். "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டான். அவள் கையை நிறுத்தாமல், "சரி" என்றாள். "யோசிக்க வேணாமா?" என்று இந்தப் பைத்தியக்காரனே திருப்பிக் கேட்டான். "யோசிச்சா வேணாம்னு தோணிடும்" என்றாள் அவள். வாழ்க்கையில் தனக்கு யோசிக்காமல் சரி சொன்ன ஒரே ஆள் அவள்தான் என்று ரேடியோ பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்தக் கடையில் வேலைக்காரர்கள் உட்காரக் கூடாது. கூடாது என்று யாரும் சொல்வதில்லை, மாடியில் ஒரு நாற்காலியும் போடுவதில்லை, அவ்வளவுதான். ஆள் வராத நேரத்தில் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடிக்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களை வாசலில் நிறுத்துவார்கள். கண்ணாடிக் கதவைத் திறந்து "வாங்க, வாங்க" என்று சிரித்துக்கொண்டு கடை திறந்ததிலிருந்து மூடுகிற வரை நிற்க வேண்டும். சாய்வதற்கு அங்கே ஒரு சுவர்கூடக் கிடையாது. அதில் காலம் தள்ளினவர்களைத்தான் உள்ளே எடுப்பார்கள். அவள் அதையெல்லாம் தாண்டிக் குழந்தைகள் துணிப் பிரிவுக்கு வந்து வெகு காலமாகிறது. அங்கே ஒரு மேசை உண்டு. மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் திரும்பினால் இடுப்பை லேசாக அதில் சாய்த்துக்கொள்ளலாம். அவளுக்கு வாய்த்த பதவி உயர்வு அதுதான்.

இப்போது அவள் கால்களைப் பார்க்க முடியாது. கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்து முட்டி வரைக்கும் ஏறிவிட்டது. மாலையில் பாதம் வீங்கிச் செருப்பின் வார் பதிந்திருக்கும். "நிக்கிற வேலையை விட்டுடுங்கம்மா, இல்லாட்டி புண்ணு வைக்கும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். "படுத்துக்கிட்டே துணி விக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு வந்தாள். ரேடியோவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குள் அவன் கம்பெனியை இழுத்து மூடியிருந்தார்கள். ஜனங்கள் போனில் விரலால் தட்டி வாங்கிக்கொள்கிறார்கள். விரலுக்கு ரேடியோ எதற்கு? ஒரு வருஷத்துக்கு மேல் வேலை தேடினான். போன இடத்திலெல்லாம் தன் வயதில் பாதி இருக்கிறவர்கள் எதிரே உட்கார்ந்து, "உங்க அனுபவம் ரொம்ப ஜாஸ்தியா இருக்கே சார்" என்றார்கள், ஏதோ அவனுக்கு ஒட்டுவாரொட்டி நோய் இருப்பது போல. அப்புறம், "யோசிச்சு சொல்றோம் சார்." மகள் வெளியூரில் விடுதியில் தங்கி நர்சிங் படித்தாள். அவள் படிப்பும் வீடும் அந்த வீங்கின கால்கள் மேலேதான் நின்றன. பேச்சு குறைந்து குறைந்து, கடைசியில் வீட்டில் அவன் இருப்பதே தெரியாமல் போயிற்று. "ரேடியோவுக்கு பேட்டரி தீர்ந்துடுச்சா?" என்று அவள் கேட்டுப் பார்ப்பாள். அவன் அவள் காலை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிடுவான். "எனக்கு வேலை கிடைக்கிற அன்னைக்கு நீ உட்காரணும். அன்னைக்கே. மறுநாள்கூட இல்ல" என்பான். இந்த ஒன்றை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்படி வறண்டு கிடந்தவனுக்கு ஒரே வாரத்தில் இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள் என்றால் தலைகால் புரியுமா?

முதலாவது, குளியலறைச் சாமான் விற்கும் கம்பெனி. குழாய், ஷவர், தொட்டி, கண்ணாடி. கூப்பிட்ட அன்று காலையில் மனைவியின் தம்பி வந்திருந்தான். அவன் எதிலும் நாலும் தெரிந்தவன், தெரியாததும் தெரிந்தவன். "மாமா, எடுத்த எடுப்புல சரின்னு தலையாட்டிடாதீங்க. கொஞ்சம் பிகு பண்ணுங்க. அப்பத்தான் மதிப்பு. கேக்கறதைக் கூடக் கேக்கலாம்" என்றான். அவள் உள்ளேயிருந்து, "ஏன்டா, நீ பிகு பண்ணி எத்தனை வேலையில நிலைச்சே?" என்று கேட்டாள். தம்பி டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். ஆனால் அவன் சொன்னது மட்டும் போகாமல் ரேடியோவின் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது.

குழாய்க் கம்பெனியின் காட்சிக்கூடம் பளபளவென்று இருந்தது. சுவர் முழுக்கக் குழாய்கள். எதைத் திறந்தாலும் தண்ணீர் வராது. மேலாளருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ரேடியோவைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, என்னை ஞாபகம் இருக்கா? உங்க கம்பெனியில ரெண்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். நீங்க பேசறதைக் கேட்டுத்தான் பேசவே கத்துக்கிட்டேன்."

ரேடியோவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடை கடையாகப் போய் ஆர்டர் பிடிக்கிற வேலை. கார் தருவார்கள், வாரத்தில் பாதி வெளியூர். சம்பளம் பழையதைவிட நன்றாகவே இருந்தது. "எப்ப வர்றீங்க அண்ணே?" என்று கேட்டான் மேலாளர்.

சரி என்ற சொல் ரேடியோவின் நாக்கு நுனி வரை வந்தது. அந்த இடத்தில்தான் மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்தது. இத்தனை வருஷமாக எத்தனை வாசலில் நின்று, எத்தனை வாயிலிருந்து அந்த வார்த்தைகளைக் கேட்டிருப்பான்! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தானும் சொல்லிப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தான். காலை மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"நல்லாத்தான் இருக்கு. யோசிச்சு சொல்றேன்."

மேலாளர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "தாராளமா யோசிங்க அண்ணே" என்றான். எதிரே திறந்திருந்த ஃபைலை மூடினான். வாசல் வரை வந்து வழியனுப்பினான். யோசொ சொன்ன வீட்டுக்காரர்களிடம் ரேடியோவும் அதே சிரிப்போடு, அதே "தாராளமா யோசிங்க"வைச் சொல்லித்தான் படி இறங்குவான். அது அவனுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. தெருவில் இறங்கியபோது அவன் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது, காது கேட்கும் கருவி விற்கும் கடை. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். சின்ன அறை, பச்சைத் திரை, வட்டமாக நான்கு மெத்தை நாற்காலிகள். வேலையே உட்கார்ந்து பேசுகிற வேலை. கடையைக் கவனிக்கிற அம்மாள் மெல்லப் பேசினாள்.

"இங்க யாரும் ஆசைப்பட்டு வாங்க வரமாட்டாங்க சார். பிள்ளைங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டு வருவாங்க. எனக்கு நல்லாக் கேக்குதுன்னு சண்டை போடுவாங்க. நாம கொஞ்சமாப் பேசணும், நிறையக் கேக்கணும். உங்களால முடியுமா?"

"ஒரு வருஷமா அதைத்தாம்மா பழகிட்டிருக்கேன்" என்றான் ரேடியோ. அவள் சிரித்துவிட்டாள். அவனை அவளுக்குப் பிடித்துவிட்டது. திங்கட்கிழமையே வரலாம் என்றாள். சம்பளம் குழாய்க் கம்பெனியை விடக் குறைவு, ஆனால் வெயிலும் இல்லை, அலைச்சலும் இல்லை.

நியாயப்படி அங்கேயே சரி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒரு தடவை ருசி கண்ட நாக்காயிற்றே! "இன்னொரு இடத்துலயும் கேட்டிருக்காங்கம்மா. யோசிச்சு சொல்றேன்" என்றான். அந்த அம்மாள் ஒரு நொடி அவனையே பார்த்தாள். பிறகு, "சரிங்க சார்" என்று எழுந்து திரையை விலக்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவன் மனைவியிடம், "ரெண்டு இடத்துலயும் எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க" என்று மட்டும் சொன்னான். என்ன வார்த்தை சொல்லிவிட்டு வந்தான் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் தலையில் அடித்துக்கொண்டு அந்த நிமிஷமே அவனைத் திருப்பி அனுப்பியிருப்பாள்.

அன்று முதல் வீட்டில் ரேடியோ மறுபடி பாட ஆரம்பித்துவிட்டது. குழாயா, காதா? இதே பேச்சு. சட்டையை மாட்டும்போது குழாய் பக்கம் பேசுவான், கழற்றும்போது காது பக்கம் பேசுவான். குழாய் வாங்குகிறவர்கள் புது வீடு கட்டுகிறவர்கள், சந்தோஷமாக வாங்குவார்கள். காதுக் கருவிக்கு வருகிறவர்கள் அழுதுகொண்டு வருவார்கள். ஆனால் குழாய்க்கு மாதத்தில் பாதி நாள் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும், ராத்திரி உன் காலை யார் பிடித்துவிடுவது? ஆனால் கார் தருகிறான். ஆனால் காதுக்கு நடந்தே போய்விடலாம்.

"எது கிட்டக்க இருக்கோ அதுக்குப் போங்க" என்றாள் அவள். "எதுவா இருந்தாலும் சீக்கிரம் சொல்லிடுங்க."

"அவசரப்பட்டா மதிப்பு இருக்காது. அவங்க ஒரு போன் பண்ணட்டும். அப்பத்தான் கூடக் கேக்கலாம்."

போன் வரவில்லை. வாரக் கடைசி போயிற்று. திங்கள், செவ்வாயும் போயிற்று. ரேடியோ போனை எடுத்து எடுத்துப் பார்த்தான். அவர்கள் யோசிக்க நேரம் கொடுக்கிறார்கள், பெரிய மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டான். புதன்கிழமை காலையில் அவள் கடைக்குக் கிளம்பும்போது வாசலில் ஒற்றைக் காலில் நின்று செருப்பை மாட்ட முடியாமல் சுவரைப் பிடித்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"காதுக் கடைக்கே போறேன். இன்னைக்கே போய்ச் சொல்லிடறேன்" என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அப்படி மலர்ந்த முகத்தை அவன் எத்தனையோ நாளாகப் பார்க்கவில்லை.

சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் அவன் காதுக் கடைக்குள் நுழைந்தபோது மெத்தை நாற்காலி ஒன்றில் நடுவயது ஆள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரு முதியவர். அந்த ஆள் அவர் காதருகே குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். வாடிக்கையாளரின் மகன் போலிருக்கிறது என்று ரேடியோ நினைத்தான். பிறகுதான் சட்டைப் பையில் கடையின் பெயர் தைத்திருந்ததைப் பார்த்தான்.

கடைக்கார அம்மாளுக்குச் சங்கடமாகிவிட்டது. அவனைத் திரைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனாள்.

"சார், நீங்க யோசிச்சு சொல்றேன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க."

"ஆமாம்மா. யோசிச்சிட்டேன். சொல்லத்தான் வந்திருக்கேன்."

அவள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நானும் பதினஞ்சு வருஷமா விக்கிறவதான் சார். வேணாங்கறதை நீங்க மரியாதையாச் சொல்றீங்கன்னு நினைச்சேன். திங்கட்கிழமை இவரைச் சேத்துக்கிட்டேன்."

"நிஜமாவே யோசிக்கத்தாம்மா போனேன்" என்றான் ரேடியோ. உலகத்திலேயே முதல் ஆளாக ஒருவன் அந்த வார்த்தையை உள்ளபடி சொல்லியிருக்கிறான், அதை நம்ப ஓர் ஆள் இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் முதியவர், "எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்று கத்தினார்.

வெளியே வந்தான். பேருந்து நிறுத்தத்து இரும்புப் பலகையில் உட்கார்ந்து குழாய்க் கம்பெனி மேலாளருக்கு போன் செய்தான். பரவாயில்லை, ஊர் ஊராகச் சுற்றினால் சுற்றிவிட்டுப் போகிறான். அவள் உட்கார்ந்தால் போதும்.

"அடடே, அண்ணே! சொல்லுங்க."

"தம்பி, நான் வர்றேன்ப்பா. நாளைக்கே வேணும்னாலும் வர்றேன்."

"அண்ணே, நீங்க யோசொ சொல்லிட்டீங்களே."

"தம்பி, அது..."

"முதல் நாள் எனக்கு நீங்கதான் அண்ணே சொல்லிக்கொடுத்தீங்க. யோசொ சொன்ன வாசல்ல திரும்பப் போய் நிக்காதேன்னு. அதனாலதான் நான் திருப்பிக் கூப்பிடல. உங்க வாயிலேருந்து அது வந்தா வேற என்ன அர்த்தம்? மறுநாளே ஆள் போட்டாச்சு."

ரேடியோ கெஞ்சினான். வேறு ஊரில் இருந்தாலும் சரி, சின்ன வேலையாக இருந்தாலும் சரி என்றான். இத்தனை வருஷத்தில் எந்த வாசலிலும் அவன் இப்படிக் கெஞ்சியதில்லை. அந்தப் பையன், "ஏதாவது வந்தா சொல்றேன் அண்ணே, கண்டிப்பாச் சொல்றேன்" என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அவன் வீட்டுக்குப் போய்க் கட்டிலில் சட்டையோடு படுத்துக்கொண்டான். பச்சை முட்டாள், வடிகட்டின முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டான். மச்சானைத் திட்டிப் பார்த்தான், அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. பிகு பண்ணச் சொன்னது அவன்தான், அந்த வார்த்தையைத் தேடிப்பிடித்துச் சொன்னது தானல்லவா? அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தான். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், வேறு ஏதாவது தேடிக்கொண்டு சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான்.

அன்று வெளிச்சம் இருக்கும்போதே அவள் வந்துவிட்டாள். படியில் அவள் ஏறுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் நின்று ஏறுகிற அதே கால்தான், ஆனால் ஏதோ பாடிக்கொண்டு வந்தாள். உள்ளே வந்ததும் கைப்பையை எறிந்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். முக்காலியைக் காலாலேயே இழுத்து அதன் மேல் இரண்டு காலையும் தூக்கிப் போட்டுக்கொண்டாள்.

"சொல்லிட்டேன்!" என்றாள்.

"என்ன சொல்லிட்டே?"

"மேற்பார்வையாளர்கிட்டதான். நான் நின்னுக்கறேன் சார்னு சொன்னேன். நிக்கிறதுக்குத்தானேம்மா சம்பளம் தர்றோம்னு அவரு ஜோக் அடிச்சாரு. அட, வேலையை விட்டு நின்னுக்கறேன் சார்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. இன்னைக்கே கணக்கை முடிச்சுக் கொடுத்துட்டாரு. புது ஆளு தயாரா இருக்காங்களாம்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "பாருங்க, நான் உட்கார்ந்துட்டேன். இனிமே என்னை யாராலயும் எழுப்ப முடியாது. சரி, காதுக் கடையில என்ன சொன்னாங்க? என்னிக்கு வரச் சொன்னாங்க?"

ரேடியோ கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். வேறொன்றும் வராமல், "யோசிச்சு..." என்று ஆரம்பித்தான்.

அவள் கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள். கசங்கின சட்டையைப் பார்த்தாள்.

"யோசொ சொல்லிட்டாங்களா?"

"நான் சொன்னேன்" என்றான். "ரெண்டு இடத்துலயும் நான்தான் சொன்னேன்."

முழுதும் சொல்லி முடித்தான். அவள் திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் வலது காலைக் கையால் பிடித்து முக்காலியிலிருந்து கீழே இறக்கினாள். பிறகு இடது காலை இறக்கினாள். கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். மேற்பார்வையாளரைக் கூப்பிடும்போது நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டாள். அவரிடம் உட்கார்ந்து பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

"சார், நான்தான் சார்... ஒண்ணும் இல்ல சார்... தெரியாம அவசரப்பட்டுட்டேன் சார்."

ரேடியோ நாற்காலியை அவள் பின்னால் நகர்த்திவைத்தான். அவள் உட்காரவில்லை.

"சரிங்க சார்... ஆமாங்க சார், புரியுது... சரிங்க சார்... பரவாயில்ல சார், வந்துடறேன்."

போனை வைத்தாள்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டான் ரேடியோ.

"வரச் சொல்லிட்டாரு. ஆனா புதுசாச் சேர்ற மாதிரிதான் சேத்துக்க முடியுமாம்." அவள் செருப்பை எடுத்துச் சுவரோரமாக நேராக வைத்தாள். "காலையில இருந்து வாசல்ல நிக்கணும்."